படகுக்குள் கணப்பு: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாகக் கொண்டு வாழும் வாசகர்கள் அக்டோபர் பிறந்ததும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். கேள்விகள் பலவாக இருந்தாலும் பொருள் ஒன்றுதான்: படகின் முன்வாசலை ஒட்டி நிற்கும் அந்தச் சிறிய இரும்பு அடுப்பு. விறகையும் கரியையும் எரித்துப் படகைக் கதகதப்பாக வைத்திருக்கும் அந்த அடுப்பைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டுமே இந்த முறை இடம் தந்திருக்கிறோம்.

கேள்வி: 57 அடி நீளமுள்ள பழைய நேரோபோட் (குறுகலான கால்வாய்ப் படகு) ஒன்றை வாங்கியிருக்கிறேன். விற்றவர், "போன குளிர்காலம் முழுக்க அடுப்பை எரித்தேன், ஒரு குறையும் இல்லை" என்றார். இந்த மாதம் குடியேறுகிறேன். அப்படியே பற்ற வைக்கலாமா? (பர்மிங்காம் வாசகர்)

விற்றவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் கோடை முழுவதும் மூடிக் கிடந்த அடுப்பைக் குடியேறிய அன்றே பற்ற வைக்காதீர்கள். அரை நாளை இதற்கென்று ஒதுக்கி, ஒரு டார்ச் விளக்கு, பழைய செய்தித்தாள், புகைக்குழாய்த் தூரிகை ஆகியவற்றோடு அடுப்பின் முன்னால் உட்காருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தடுப்புத் தகடு. அடுப்பின் கதவைத் திறந்து, தலையைச் சாய்த்து மேலே பார்த்தால், அடுப்பின் கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு தகடு சாய்வாக இருப்பது தெரியும். நெருப்பிலிருந்து எழும் சூடான புகை நேராகக் குழாய்க்குள் ஓடிவிடாமல், அடுப்புக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி வெப்பத்தை விட்டுவிட்டுப் போகட்டும் என்பதற்காக வைக்கப்பட்டது அது. குழாயை மேலிருந்து தூரிகையால் தேய்க்கும்போது உதிரும் புகைக்கரியெல்லாம் இந்தத் தகட்டின் முதுகில்தான் குவிகிறது; கீழிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அந்தக் குவியல் படவே படாது. குழாயைச் சுத்தம் செய்தாயிற்று என்று நிம்மதியாகக் கதவைச் சாத்துகிறவருக்கு, புகை போகும் வழி இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கியிருப்பது தெரிவதில்லை. ஆகவே, முதலில் குழாயைத் தேயுங்கள். பிறகு தகட்டைக் கழற்றி வெளியே எடுத்து, அதன் மேலும் அது உட்காரும் விளிம்புகளிலும் உள்ள கரியை வழித்தெடுங்கள்.

அடுத்து, கதவின் விளிம்பில் ஓடும் கண்ணாடியிழைக் கயிறு. ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துக் கதவைப் பூட்டி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்தால் கயிறு நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அது நைந்துவிட்டது, மாற்ற வேண்டும். கதவைச் சுற்றி நான்கு பக்கமும் இதைச் செய்ய வேண்டும். கண்ணாடியில் விரிசல், அடுப்பின் உட்சுவரை மூடியிருக்கும் செங்கல் பலகைகளில் உடைப்பு, குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் உதிர்ந்துபோன தீச்சிமெண்ட், கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் துரு ஆகியவற்றை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். அடுப்பு தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கையால் அசைத்துப் பாருங்கள். லாக் எனப்படும், படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டின் சுவரில் படகு முட்டாத நாளே இல்லை. முட்டும்போது நகர்கிற அடுப்பு குழாயின் இணைப்பைப் பிளந்துவிடும்.

படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் சான்றிதழ் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. உங்களிடம் இருக்கும் சான்றிதழ் தேர்வாளர் வந்துபோன நாளின் நிலையை மட்டுமே சொல்லும், அதற்குப் பின்வந்த மூன்று குளிர்காலங்களின் கதையைச் சொல்லாது. அடுப்பு பொருத்தப்பட்ட விதத்திலேயே ஐயம் இருந்தால், சிறிய படகுகளில் திட எரிபொருள் அடுப்புகளைப் பொருத்துவதற்கென்றே வகுக்கப்பட்ட பிஎஸ் 8511 என்ற 2010ஆம் ஆண்டு நெறிமுறையை அறிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வீட்டு அடுப்பில் கைதேர்ந்தவராக இருந்தாலும், படகின் குட்டையான குழாய் அவருக்குப் புதியதாக இருக்கக்கூடும்.

எல்லாம் சரியென்றால், முதலில் செய்தித்தாளை மட்டும் கசக்கி வைத்துக் கொளுத்துங்கள். புகை தயங்காமல் மேலேறினால் சுள்ளியை வைக்கலாம். அறைக்குள் திரும்பினால், அன்றைக்கு அடுப்பை மறந்துவிட்டு அடைப்பைத் தேடுங்கள்.

கேள்வி: விறகா, கரியா? கரையோரப் பாதையில் விழுந்துகிடக்கும் மரக்கிளைகள் இலவசம்தானே என்கிறார் என் கணவர். (செஷயர் வாசகி)

இலவசம்தான், ஆனால் இந்தக் குளிர்காலத்துக்கு உதவாது. அப்போதுதான் விழுந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி வரைக்கும் நீர் இருக்கலாம். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 0.7 கிலோவாட் மணி வெப்பம் செலவாகிறது. ஈர விறகை எரிப்பவர், விறகு தரும் வெப்பத்தில் கணிசமான பங்கை அந்த விறகையே உலர்த்துவதற்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் குளிர்காய்கிறார். பிளந்து, மழைபடாமல், காற்றோட்டத்தில் ஓராண்டோ இரண்டாண்டோ அடுக்கி வைத்தால்தான் விறகு 20 சதவீத ஈரப்பதத்துக்கு இறங்கும். படகின் கூரையில் அடுக்கி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், மழையில் நனைந்துகொண்டும் இருக்கும். ஈரப்பதம் பார்க்கும் சிறு மீட்டரின் ஊசிகளை விறகின் முனையில் குத்தாமல், அப்போதே பிளந்த உள்முகத்தில் குத்திப் பாருங்கள். உண்மை அங்கேதான் தெரியும்.

கடையில் வாங்குவதென்றால், இங்கிலாந்தில் 2021 மே 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளை அறிந்திருக்க வேண்டும். 2 கன மீட்டருக்குக் குறைவான அளவில் விற்கப்படும் விறகு 20 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ ஈரப்பதம் கொண்டதாக இருக்க வேண்டும். அதற்கு 'ரெடி டு பர்ன்' (எரிக்கத் தயார்) முத்திரை உண்டு. புகை கக்கும் பழைய வீட்டு நிலக்கரியை மூட்டையில் விற்பது அதே நாளில் நிறுத்தப்பட்டது. அதை மூட்டையில்லாமல் நேரடியாகக் கொண்டுவந்து தருவதும் 2023 மே 1இல் முடிந்துபோனது. இப்போது கால்வாயில் எரிவது பெரும்பாலும் புகை குறைந்த கரிக்கட்டிகளே. அவற்றில் கந்தகம் 2 சதவீதத்துக்கு மிகக் கூடாது.

கரிக்கட்டியின் பலம் அதன் அடர்த்தி. உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட் மணி தருமென்றால், நல்ல கரிக்கட்டி அதைப்போல் இருமடங்கு தரும். 25 கிலோ மூட்டை ஒன்றில் 200 கிலோவாட் மணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு குழாய்வழியே போய்விட்டாலும், 3 நாளைக்கு இரவும் பகலும் ஏறக்குறைய 1.8 கிலோவாட் வீதம் படகுக்குள் வெப்பம் பரவும். ஓரளவு நன்றாகக் காப்பிடப்பட்ட படகுக்கு அது போதும். இடம் குறைந்த படகில் இது பெரிய வசதி. போதாததற்கு, எரிபொருள் படகுகள் கால்வாய்வழியே வந்து, கரி மூட்டையையும் டீசலையும் எரிவாயு சிலிண்டரையும் உங்கள் படகின் பக்கத்திலேயே இறக்கிவிட்டுப் போகின்றன.

என் யோசனை இதுதான்: மாலையில் விருந்தினர் வந்து உட்கார்ந்திருக்கும்போது உலர்ந்த விறகு, இரவுக்குக் கரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டு மெல்ல எரிய விடாதீர்கள். விறகின் நீராவியும் கரியின் கந்தகமும் குளிர்ந்த குழாயில் கலந்தால் அமிலமாகிக் குழாயை அரிக்கும். எரிக்கும் விதமும் இரண்டுக்கும் வேறு. விறகின் பெரும்பகுதி வாயுவாகி மேலே சுவாலையாக எரிவதால், அது சாம்பல் மெத்தையின்மேல் கிடந்து, அடுப்பின் மேல் காற்றுத் திறப்பு வழியே வரும் காற்றை விரும்பும். கரி தணலாகக் கனல்வது; அதற்கு, அது கிடக்கும் கம்பித்தட்டியின் கீழிருந்து, கீழ்த் திறப்பு வழியே காற்று வர வேண்டும். பெட்ரோலிய எச்சம் மிகுந்த கரியை மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்: அதன் சூடு கம்பித்தட்டியையே வளைத்துவிடும்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு அடுப்பை நிரப்பிவிட்டுப் படுத்தால், விடியற்காலை நான்கு மணிக்கு அணைந்துபோகிறது. பக்கத்துப் படகுக்காரர் நவம்பரில் பற்ற வைத்த நெருப்பை மார்ச்சில்தான் அணைக்கிறார். அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது? (நார்தாம்ப்டன்ஷயர் வாசகர்)

நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சில் சொல்வதை அவர் கையால் செய்கிறார், அவ்வளவுதான். படுக்கப் போகும் நேரத்துக்கு அரை மணி முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். கீழ்த் திறப்பை அகலத் திறந்து, பழைய தணல் சிவந்து எழும்வரை காத்திருங்கள். பிறகு கம்பித்தட்டியை மெல்ல ஆட்டுங்கள். முதலில் சாம்பல் மாவு போல உதிரும். சற்று நேரத்தில் அதோடு சிவப்புப் பொறிகள் ஒன்றிரண்டு விழத் தொடங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஆட்டினால் நாளைக் காலைக்கான தணலைச் சாம்பல் தட்டில் கொட்டுகிறீர்கள். தட்டை வெளியே எடுத்துக் காலி செய்யுங்கள். சாம்பல் நிரம்பித் தட்டியைத் தொடும்படி விட்டால், கீழிருந்து காற்று வந்து குளிர்விக்க வழியில்லாமல் தட்டியே வெந்து வளைந்துவிடும்.

இப்போது கரிக்கட்டிகளைப் பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் செங்கல் பலகையின் உயரத்துக்கு அடுக்குங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: நிரப்பியவுடன் திறப்பை மூடிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். புதுக் கரி தீப்பிடிக்க 15 அல்லது 20 நிமிடம் வேண்டும். கட்டிகளின் இடுக்கில் நீலச் சுவாலை நாக்கு நீட்டுவதைப் பார்த்த பிறகே, கீழ்த் திறப்பை நூல் அளவுக்குக் குறைக்க வேண்டும். எந்த அளவு என்பது அடுப்புக்கு அடுப்பு வேறுபடும். ஒரு வாரம் பழகினால் உங்கள் விரலுக்கே தெரிந்துவிடும். காலையில் கரியின்மேல் வெள்ளை நீறு படிந்து, அணைந்ததுபோல் கிடக்கும். கிளறாதீர்கள். கீழ்த் திறப்பைத் திறந்து ஐந்து நிமிடம் விட்டால் உள்ளே சிவப்பு தெரியும். அதன்பிறகு தட்டியை ஆட்டலாம்.

இத்தனையும் செய்தும் நான்கு மணிக்கே எரிந்து தீர்ந்துவிடுகிறது என்றால், மேலே சொன்ன காகிதச் சோதனையைச் செய்யுங்கள். நைந்த கயிற்றின் வழியாகக் காற்று புகும்போது, நீங்கள் திறப்பை எவ்வளவு மூடினாலும் நெருப்பு அதைப் பொருட்படுத்தாது. விறகை வைத்து இரவை ஓட்ட முயல்கிறீர்கள் என்றால், அது நடக்காது.

கேள்வி: குளிர் தாங்காமல் கூரையிலுள்ள காளான் வடிவக் காற்றுத் திறப்புகளைத் துணியால் அடைத்தேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் நள்ளிரவில் ஒருமுறை அலறியது. அடுப்பில் எந்தக் குறையும் தெரியாததால் பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன். புதிய அலாரம் வாங்க வேண்டுமா? (லண்டன் வாசகி)

சகோதரி, இந்த இதழ் கையில் கிடைத்ததும் முதலில் துணியை எடுங்கள். பிறகு பேட்டரியைப் போடுங்கள். அதன்பிறகு மேலே படியுங்கள்.

உங்கள் அலாரம் பழுதாகவில்லை என்றே எண்ணுகிறேன். அடுப்பு எரிவதற்குக் காற்று வேண்டும். குழாய்வழியே வெளியேறும் ஒவ்வொரு கன மீட்டர் புகைக்கும் ஈடாக வெளியிலிருந்து காற்று உள்ளே வந்தாக வேண்டும். வரும் வழியை அடைத்துவிட்டால் போகும் வழியும் மந்தமாகிவிடும். வீட்டின் புகைபோக்கி இரண்டு மாடி உயரத்துக்கு எழுவதால் அதன் இழுவை வலிமையானது. படகிலோ அடுப்பின் தலையிலிருந்து குழாயின் உச்சிவரை ஓர் ஆள் உயரம் இருந்தாலே அதிகம். அவ்வளவு பலவீனமான இழுவை, அடைத்த திறப்புகளோடும் மெல்லக் கனலும் நள்ளிரவு நெருப்போடும் சேரும்போது, காற்றுப் பற்றாக்குறையில் அரைகுறையாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடை உண்டாக்கி, அதை அறைக்குள்ளேயே கசியவிடுகிறது. காலையில் நீங்கள் கதவைத் திறந்து, அடுப்பையும் கிளறிவிட்ட பிறகு பார்த்தால் எந்தக் குறையும் தெரியாதுதான்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் எரிச்சலும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காரணமில்லாத அயர்ச்சி ஆகியவை அறிகுறிகள். காய்ச்சல் வரப்போகிறது என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். படகை விட்டு இறங்கிக் கரையில் நடந்தால் தலைவலி குறைகிறது, திரும்பி வந்தால் கூடுகிறது என்றால் சளி, காய்ச்சலைச் சந்தேகிக்காமல் அடுப்பைச் சந்தேகியுங்கள்.

அலாரத்தைப் பற்றி: படகுகளுக்கும் கேரவன்களுக்குமான தரம் பிஎஸ் இஎன் 50291-2. தங்கும் அறை கொண்ட படகுகளில் அலாரம் இருக்க வேண்டும் என்று படகுப் பாதுகாப்புத் திட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் வலியுறுத்துகிறது. ஏனென்றால் இந்த வாயு உங்கள் அடுப்பிலிருந்து மட்டுமல்லாமல், பக்கத்துப் படகின் என்ஜின் புகையோடு ஜன்னல்வழியேயும் வரக்கூடும். காற்றில் 10 லட்சம் பங்குக்கு 50 பங்கு என்ற அளவில் இந்த வாயு இருந்தால், அந்தத் தரத்து அலாரம் 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஒலிக்கும். 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்துக்குள். ஆகவே நள்ளிரவில் அது ஒலித்திருக்கிறதென்றால், நீங்கள் விழிப்பதற்கு முன்பே நீண்ட நேரம் வாயு இருந்திருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தொலைவில் ஒன்றும், படுக்கையறை தனியாக இருந்தால் அங்கே ஒன்றும், படுத்திருப்பவரின் மூச்சு மட்டத்துக்கு அருகே வையுங்கள். வாரம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி கடந்திருந்தால் மட்டும் புதியது வாங்குங்கள்.

அடுத்த முறை ஒலித்தால் கதவுகளைத் திறந்துகொண்டு, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அடுப்பை அணைக்கிறேன், காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று உள்ளேயே நிற்கக் கூடாது. யாருக்காவது மயக்கமோ குழப்பமோ இருந்தால் அவசர உதவி எண்ணான 999ஐ அழையுங்கள். பிறகு குழாயையும் தடுப்புத் தகட்டையும் சுத்தம் செய்து, கயிற்றைச் சோதித்த பின்னரே மறுபடியும் பற்ற வைக்க வேண்டும். சாம்பலும் இதே வாயுவை விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தணல் கலந்த சாம்பலைத் தட்டோடு எடுத்து, கித்தான் மூடிய முன்தளத்தில் இரவு முழுவதும் வைத்தால், கதவிடுக்கின் வழியே அது உள்ளே வரும்.

கேள்வி: புகைபோக்கியைச் சுற்றிக் கூரையில் பழுப்பு நிறத்தில் பிசின்போல ஒழுகிக் கோடு விழுகிறது. துடைத்தாலும் போவதில்லை. (லங்காஷயர் வாசகர்)

அது தார். எரியாமல் தப்பிய புகை, குளிர்ந்த குழாயின் உட்சுவரில் படிந்து, நீரோடு கலந்து ஒழுகுகிறது. உங்கள் கடிதத்தில் அடுப்பு 8 கிலோவாட் என்று எழுதியிருக்கிறீர்கள். நேரோபோட் 7 அடி அகல லாக்குகளில் நுழைவதற்காக 6 அடி 10 அங்குல அகலத்தில் கட்டப்படுவது. அதன் உட்பரப்பு ஒரு பெரிய அறைக்குச் சமம். அதற்கு 4 முதல் 5 கிலோவாட் போதும். இந்தக் கால்வாய்களில் எங்கு திரும்பினாலும் காணப்படும் டென்மார்க்கின் மோர்சோ அடுப்பு, பக்கவாட்டில் அணில் உருவம் வார்த்த அந்தச் சின்ன அடுப்பு, அந்த அளவுதான். 8 கிலோவாட் அடுப்பை முழுமூச்சில் எரித்தால் படகுக்குள் உட்கார முடியாது. அதனால் எப்போதும் அடக்கியே வைத்திருக்கிறீர்கள். அடக்கி வைத்த அடுப்பு தாரைத்தான் தரும்.

அடுப்பை மாற்றும்வரை, நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது திறப்பைத் திறந்து நன்றாக எரிய விடுங்கள். கூரைமேல் இரட்டைச் சுவர் கொண்ட புகைபோக்கியைப் பொருத்துங்கள். அதன் உட்குழாய், கூரையில் புகைபோக்கி உட்காரும் வளையத்துக்குள் இறங்கி நின்றால், ஒழுகுவது கூரைக்கு வராமல் குழாய்க்குள்ளேயே விழுந்து எரிந்துவிடும். குழாயை மாதம் ஒருமுறை தூரிகை விட்டுப் பாருங்கள், ஏனென்றால் கெட்டியான தார் ஒருநாள் தானே தீப்பிடித்துக்கொள்ளும்.

நிறுத்தியிருக்கும்போது புகைபோக்கியை உயர்த்திக்கொள்பவர்களுக்கு இடைச்செருகலாக ஒரு சொல்: கிளம்பும் முன் அதை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் பாலம் அதை இறக்கிவிடும். ஒரு சங்கிலி போட்டுக் கட்டிவைப்பது நல்லது. தண்ணீரில் விழுந்த இரும்புப் புகைபோக்கியைக் காந்தம் கட்டித் தூக்கிவிடலாம். பளபளவென்று இருக்கிறதே என்று எவர்சில்வரில் வாங்கியவர்கள் பெரும்பாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அடுப்பு முன்னறையில் இருக்கிறது. அங்கே வியர்க்கிறது, பின்னாலுள்ள படுக்கையறையில் பல் நடுங்குகிறது, சுவரெல்லாம் நீர் முத்துமுத்தாக நிற்கிறது. எரிவாயு அடுப்பைச் சற்று நேரம் எரியவிட்டுச் சூடாக்குகிறோம். (லீட்ஸ் வாசகி)

அந்த எரிவாயுதான் சுவரில் முத்தாக நிற்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகும். 13 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 21 லிட்டர் நீரைப் படகுக்குள் விட்டிருக்கிறீர்கள். அது இரும்புச் சுவரைத் தொட்டதும் குளிர்ந்து நிற்கிறது. சமையலுக்கு மட்டுமே அதை எரியுங்கள், அப்போதும் ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். கரி அடுப்பு நேர்மாறானது: எரியும்போது உண்டாகும் ஈரத்தைக் குழாய்வழியே வெளியே அனுப்பிவிட்டு, அறையின் ஈரக் காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

வெப்பத்தைப் பின்னால் கொண்டுபோக இரண்டு வழிகள். அடுப்பின் தலையில் வைக்கும், மின்கம்பி தேவைப்படாத விசிறி ஒன்று உண்டு. அடியிலுள்ள சூட்டுக்கும் மேலுள்ள குளிர்ச்சிக்குமான வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுத்துத் தானே சுழலும். அது முன்னறையின் கூரையில் தேங்கும் சூட்டைக் கலைக்கும். மூன்று கதவு தாண்டி உங்கள் படுக்கைவரை அதை அனுப்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். மற்றொன்று, அடுப்பின் முதுகில் நீர்க்கொதிகலனைப் பொருத்திக் குழாய்வழியே பின்னறை ரேடியேட்டருக்குச் சுடுநீரை அனுப்புவது. சூடான நீர் தானே மேலெழும் இயல்பைக் கொண்டு, பம்பு இல்லாமலே ஓடும்படி இதை அமைக்கலாம். அதற்குக் குழாய் அடுப்பிலிருந்து பின்னால் செல்லச் செல்ல உயர வேண்டும். படகின் பின்பகுதி என்ஜின் எடையால் சற்று அமிழ்ந்திருக்கும் என்பதால், தரையை வைத்து அளந்தால் ஏற்றமாகத் தெரியும் குழாய் உண்மையில் சமமாகவோ இறக்கமாகவோ இருந்துவிடும். படகை நீரில் வைத்து, தண்ணீர்த் தொட்டியும் நிரம்பியிருக்கும்போது அளப்பவரிடமே வேலையைக் கொடுங்கள். கொதிகலனில் நீர் இல்லாதபோது அடுப்பைப் பற்ற வைக்கவே கூடாது. தவறிப் பற்ற வைத்துவிட்டால், சூட்டோடு தண்ணீரை ஊற்றாமல் முழுவதும் ஆற விடுங்கள்.

கேள்வி: சாம்பலைக் கால்வாயிலேயே கொட்டலாமா? (ஸ்டாஃபோர்ட்ஷயர் வாசகர்)

கூடாது. கரைப் பாதையின் வேலியோரத்திலும் கூடாது. மூடியுள்ள இரும்பு வாளியில் படகுக்கு வெளியே வைத்து, முழுவதும் ஆறிய பிறகு, கால்வாய்களைப் பராமரிக்கும் கால்வாய் மற்றும் ஆறு அறக்கட்டளையின் குப்பை சேகரிப்பு இடத்தில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்ட சாம்பல் ஆறிவிட்டது என்று தொட்டுப் பார்த்தால் தோன்றும்; நடுவில் ஒரு கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கும்.

கேள்வி: கரையிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பவர்கள் புகை வருவதாகப் புகார் சொல்கிறார்கள். படகுகளுக்குப் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தாது என்கிறார்களே? (லண்டன் வாசகர்)

முன்பு அப்படித்தான் இருந்தது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய பெரும்புகைக்குப் பின்வந்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் வாரிசான 1993ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டடங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. 2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம், இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் விரும்பினால் தங்கள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கரையில் கட்டி நிறுத்திய படகுகளையும் சேர்த்துக்கொள்ள வழிசெய்திருக்கிறது. உங்கள் மன்றம் அப்படிச் செய்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் ஒருபுறமிருக்க, உங்கள் குழாயின் வாய் அவர்களுடைய முதல் மாடி ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. உலர்ந்த விறகு, புகை குறைந்த கரி, பற்ற வைக்கும் முதல் பத்து நிமிடத்தில் தாராளமான காற்று ஆகிய மூன்றும் இருந்தால் புகார் பெரும்பாலும் நின்றுவிடும்.

கேள்வி: பழைய காலத்தில் குடும்பம் குடும்பமாகப் படகில் வாழ்ந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? (மான்செஸ்டர் வாசகி)

உங்கள் ஊர்க்காரர்கள் கரிக்காகவே கால்வாயைப் பார்த்தவர்கள். வொர்ஸ்லி சுரங்கத்தின் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுவரவே பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வெட்டப்பட்டு 1761இல் திறக்கப்பட்டது. கரி ஏற்றிய படகில் கரிக்குப் பஞ்சமிருக்காது அல்லவா? படகின் பின்கோடியில், ஏறக்குறைய 10 அடி நீளமே உள்ள ஓர் அறையில் முழுக் குடும்பமும் இருந்தது. உள்ளே இறங்கியதும் இடக்கைப் பக்கம் சமையலுக்கும் கணப்புக்குமாக ஒரே அடுப்பு. அதைச் சுற்றிப் பித்தளைக் கம்பிகள். அவ்வளவு சின்ன அறையை ஒரு கைப்பிடிக் கரியே சூடாக்கிவிடும். நெரிசல்தான் கொடுமை. அதைக் கட்டுப்படுத்தவும் படகுகளை வசிப்பிடமாகப் பதிவு செய்யவும் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. 1884இல் அது வலுப்படுத்தப்பட்டது.

கேள்வி: கோடை வந்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிடலாமா? (பர்மிங்காமிலிருந்து மற்றொரு வாசகர்)

அப்படியே விடப்பட்ட அடுப்புகள்தான் முதலில் துருப்பிடிக்கின்றன. சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கரிச்சாம்பலில் கந்தகமும் இருப்பதால் ஈரம் சேர்ந்ததும் அது இரும்பைத் தின்னத் தொடங்கும். மே மாதத்தில் கடைசி நெருப்பு அணைந்த மறுநாளே சாம்பலை ஒரு துகள் விடாமல் எடுத்து, குழாயைத் தேய்த்து, தடுப்புத் தகட்டைக் கழற்றி அடுப்புக்குள்ளேயே கிடத்தி வையுங்கள். கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் உள்ளே காற்று ஓடும். மழை இறங்காதபடி குழாயின் வாயை மேலே மூடியால் மூடுங்கள். மூடியிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி, அதைக் கம்பித்தட்டியின்மேல், சுள்ளி வைக்கும் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். செப்டம்பரின் முதல் குளிர் இரவில் தீப்பெட்டியோடு கதவைத் திறக்கும்போது அந்தச் சீட்டுதான் கையில் முதலில் தட்டுப்படும்.